வேலை போயிடுச்சு, கார்டு பில் நிக்குது: எதை முதல்ல கட்டணும், எதை நிறுத்தி வைக்கணும்

வேலை போனதும் பல பேருக்கு முதல் பயம் வாடகைய நெனச்சு வர்றதில்ல, கார்டு பில்ல நெனச்சுதான் வருது. ஏன்னா விடாம போன் பண்றது அவங்கதான். வீட்டு ஓனர் பத்து நாள் பொறுத்துப்பாரு, ஸ்கூல்ல போய் பேசினா ஃபீஸ ரெண்டா பிரிச்சு கட்ட சொல்லுவாங்க, கார்டு கம்பெனி மட்டும் டியூ டேட்டுக்கு முன்னாடியே மெசேஜ் மேல மெசேஜ் போடும். அந்த படபடப்புல கையில இருக்கற காச எல்லாம் கார்டுக்கு கட்டிட்டு, அடுத்த வாரம் மளிகைக்கு அதே கார்ட தேய்க்கறது. சென்னை ஓஎம்ஆர் பக்கம் லேஆஃப் ஆனவங்ககிட்ட பேசிப் பாருங்க, பாதி பேரு இதத்தான் பண்ணியிருப்பாங்க.

என்னோட கணக்கு வேற. யாரு சத்தமா கேக்கறாங்கன்னு பாத்து கட்டாதீங்க, கட்டலைன்னா உங்ககிட்ட இருந்து எது போகும்னு பாத்து கட்டுங்க. வீட்டுக்கடன் 90 நாள் நின்னா என்பிஏ, அதாவது வராக்கடன்னு ஆயிடும், அதுக்கப்புறம் சர்ஃபேசி சட்டத்துல 60 நாள் நோட்டீஸ் குடுத்துட்டு பேங்க் வீட்டு மேல கை வைக்கலாம், கேஸ் போட்டு ஜெயிச்சுட்டு வரணும்னு கூட இல்ல. கார், பைக் லோன் நின்னா வண்டி போயிடும். நகைக்கடன்னா ஏலம். கிரெடிட் கார்டுக்கு நீங்க எதையுமே அடமானம் வைக்கல, அதே பேங்க்ல கெடக்கற உங்க காசு தவிர வேற ஏதாவது அவங்க எடுக்கணும்னா கோர்ட் வழியாவோ ஆர்பிட்ரேஷன் (நடுவர் விசாரணை) வழியாவோதான் வரணும். அதுக்காக கார்ட அப்படியே விட்ரலாம்னு சொல்ல வரல, மாசம் 3லருந்து 3.75 சதவீதம்னு வருஷத்துக்கு 40 சதவீதத்த ஒட்டி ஓடற வட்டி அது. என்சிடிஆர்சி (தேசிய நுகர்வோர் ஆணையம்) 2008ல போட்ட 30 சதவீத உச்சவரம்ப கூட 2024 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிடுச்சு, அதனால கோர்ட்டுக்கு போய் வட்டிய கொறைக்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. வரிசை இதான்: சாப்பாடு, வாடகை, மருந்து, இன்ஷூரன்ஸ், அடமானம் வச்ச கடன், அப்புறம் கார்டு. ஆனா பேங்க்குக்கு போன் போட்டு பேசறதுல மட்டும் கார்டு முதல்ல வரணும், அது ஏன்னு கீழ சொல்றேன்.

முதல் வாரம்

எல்லா கார்டோட ஸ்டேட்மென்ட்டையும் எடுத்து ஒரே பேப்பர்ல எழுதுங்க: மொத்த பாக்கி எவ்வளவு, மினிமம் டியூ எவ்வளவு, டியூ டேட் என்ன, மாச வட்டி எவ்வளவு, அதுக்குள்ள ஓடற இஎம்ஐ ஏதாவது இருக்கா. கடைசில சொன்னது முக்கியம், ஏன்னா போன், ஃபிரிட்ஜ்னு நோ காஸ்ட் இஎம்ஐல வாங்கினது எல்லாம் மினிமம் டியூல முழுசா சேரும், 5 சதவீதம்தானேன்னு நெனச்சுட்டு இருந்தா பில் வேற மாதிரி நிக்கும்.

அடுத்து ஆட்டோ டெபிட். உங்க கார்டு பில்லு சேவிங்ஸ் அக்கவுன்ட்ல இருந்து தானா போற மாதிரி செட் பண்ணியிருந்தா அத இன்னைக்கே நிறுத்துங்க, இல்ல டோட்டல் டியூவுல இருந்து மினிமம் டியூவுக்காவது மாத்துங்க. சம்பள அக்கவுன்ட்டும் கார்டும் ஒரே பேங்க்ல இருந்தா இன்னும் கவனம் வேணும். பாக்கி நின்னா உங்க அக்கவுன்ட்ல இருந்து எடுத்துக்கற உரிமை கார்டு அக்ரிமென்ட்லயே பெரும்பாலும் எழுதியிருக்கும், நம்ம யாரும் அத படிச்சு கையெழுத்து போடறதில்ல. கூட வேலை பாத்த ஒருத்தருக்கு எஃப்என்எஃப் காசு, அதாவது வேலைய விட்டு வர்றப்ப கம்பெனி கணக்கு முடிச்சு தர்ற காசு, சாயங்காலம் விழுந்துச்சு, காலைல எந்திரிச்சு பாத்தா பாதி இல்ல, ரெண்டு மாச கார்டு பாக்கிக்கு போயிடுச்சு, அந்த மாச வாடகைக்கு மச்சான்கிட்ட போய் நின்னாரு. அதனால கார்டு கடனே இல்லாத வேற பேங்க்ல ஒரு அக்கவுன்ட் வச்சுக்கங்க, வீட்டு செலவு காசு அங்க இருக்கட்டும். எஃப்என்எஃப் எந்த அக்கவுன்ட்டுக்கு வரணும்னு ஹெச்ஆர்கிட்ட ரிலீவ் ஆகறதுக்கு முன்னாடியே மாத்தி குடுக்கலாம்.

கார்டுல தானா ஓடற சப்ஸ்கிரிப்ஷன் எல்லாம் கேன்சல். கார்டையும் போன்ல இருக்கற ஆப்ல இருந்து எடுத்துருங்க. பாக்கி நிக்கற கார்டுல புதுசா வாங்கற பொருளுக்கு வட்டியில்லா காலம்னு ஒண்ணு கெடையாது, தேய்ச்ச நாள்ல இருந்தே வட்டி ஓடும், இது நெறைய பேருக்கு தெரியாது.

இன்னொண்ணு, இது கார்டு விஷயம் மாதிரி தெரியாது ஆனா இதான் பல வீட்ட கவுத்து விடுது: கம்பெனி மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் கடைசி வேலை நாளோட முடிஞ்சிடும். அதே இன்ஷூரன்ஸ் கம்பெனில தனி பாலிசியா மாத்திக்க முடியுமான்னு வெளிய வர்றதுக்கு முன்னாடியே கேளுங்க. 2025 செப்டம்பர் 22ல இருந்து தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டி கெடையாது, அதனால முன்ன மாதிரி பிரீமியத்தோட 18 சதவீத வரி சேராது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஒரு ஆஸ்பத்திரி செலவு வந்தா அது எந்த கார்டுல ஏறும்னு உங்களுக்கே தெரியும்.

கையில எவ்வளவு இருக்கு, எத்தன மாசம் வரும்

வர வேண்டிய காச முதல்ல கணக்கு பண்ணுங்க. எஃப்என்எஃப்ல லீவ் என்காஷ்மென்ட், நோட்டீஸ் பே இருக்கான்னு பாருங்க. அஞ்சு வருஷம் முடிச்சிருந்தா கிராஜுவிட்டி உண்டு, பேசிக்கும் டிஏவும் (அகவிலைப்படி) சேத்த மாச சம்பளத்த 26ஆல வகுத்து 15ஆல பெருக்கி எத்தன வருஷமோ அதால பெருக்கினா வர்ற தொகை, அத 30 நாளுக்குள்ள குடுக்கணும். பிஎஃப்ல வேலை போனவங்க 75 சதவீதம் வரைக்கும் எடுக்கலாம். ஆனா மொத்த சர்வீஸ் அஞ்சு வருஷத்துக்கு கீழ இருந்து 50,000 ரூபாய தொட்டா டிடிஎஸ்னு வரி பிடிப்பாங்க. பிஎஃப் பத்தி ஒரு விஷயம்: அது அக்கவுன்ட்ல இருக்கற வரைக்கும் எந்த கடன்காரனும் கோர்ட் ஆர்டர் வாங்கி கூட அத ஜப்தி பண்ண முடியாது, சட்டத்துலயே இருக்கு. வெளிய எடுத்து சேவிங்ஸ்ல போட்ட நிமிஷம் அது சாதா காசு. அதனால கார்டுக்காரங்க கத்தறாங்கன்னு மொத்த பிஎஃப்பையும் எடுத்து கொட்டாதீங்க, சாப்பாட்டுக்கு வேணும்னா எடுங்க.

இப்ப உதாரணத்துக்கு, கையில 2,60,000 இருக்கு, வீட்டு செலவு மாசம் 38,000, மூணு கார்டு மினிமம் டியூ சேத்து 14,000னு வச்சுக்கங்க. கார்டு கட்டாம ஓட்டினா கிட்டத்தட்ட ஏழு மாசம் வரும், கட்டிட்டே போனா அஞ்சு மாசம். அந்த ரெண்டு மாசத்த குடுத்து என்ன வாங்கறோம்னு பாக்கணும். உங்க ஃபீல்டுல ரெண்டு மூணு மாசத்துல வேலை கெடைக்கும்னா சிபில (கடன ஒழுங்கா கட்டினோமான்னு காட்டற ஸ்கோர்) காப்பாத்தறது நல்லதுதான், கட்டுங்க. குறிப்பா பேங்க், என்பிஎஃப்சி (கடன் தர்ற ஃபைனான்ஸ் கம்பெனி) பக்கம் வேலை தேடறவங்க, ஏன்னா அவங்க சிபில் பாப்பாங்க, மோசமான கிரெடிட் ஹிஸ்டரிய காரணம் காட்டி ஒரு அரசு பேங்க் அப்பாயின்ட்மென்ட்ட ரத்து பண்ணத 2025ல மெட்ராஸ் ஹைகோர்ட்டே சரின்னு சொல்லிடுச்சு. ஆனா கையில இருக்கறது ரெண்டு மாச வீட்டு செலவுக்கு கீழ போயிடுச்சுன்னா கார்ட நிறுத்துங்க. தெரிஞ்சே, எழுதி வச்சு, பேங்க்குக்கு மெயில் போட்டுட்டு நிறுத்துங்க. போன எடுக்காம ஒளியறது வேற, இது வேற.

மினிமம் டியூ கட்டறதுக்கு பதிலா

இந்த கணக்க மட்டும் பொறுமையா பாருங்க. 1,20,000 பாக்கி, மாச வட்டி 3.5 சதவீதம். வட்டி 4,200, அதுக்கு மேல ஜிஎஸ்டி 18 சதவீதம் 756, ஆக 4,956. மினிமம் டியூ 5 சதவீதம்னா 6,000. நீங்க 6,000 கட்டினா அசல்ல கொறையறது ஆயிரம் ரூபா சொச்சம்தான். வேலை இல்லாத மாசத்துல ஆறாயிரம் ரூபாங்கறது சின்ன காசு இல்ல, அதுல அஞ்சாயிரம் காத்துல போகுது.

அதே 1,20,000ஐ 16 சதவீத வருஷ வட்டில 24 மாச இஎம்ஐயா மாத்தினா மாசம் 5,876 வரும், வட்டி மேல ஜிஎஸ்டி சேத்து முதல் மாசம் 6,160 கிட்ட. அதாவது நீங்க மினிமம் டியூன்னு கட்டற அதே காசுதான், ஆனா ரெண்டு வருஷத்துல கடன் முடிஞ்சிடும். 36 மாசம்னா 4,219 பிளஸ் ஜிஎஸ்டி, மொத்த வட்டி கூட போகும், ஆனா மாசாமாசம் மூச்சு விடலாம். வேலை இல்லாதப்ப நான் 36தான் எடுக்க சொல்லுவேன், வேலை கெடைச்சதும் ப்ரீகுளோஸ் பண்ணிக்கலாம், அதுக்கு சார்ஜ் எவ்வளவுன்னு மட்டும் முன்னாடியே கேட்டு வச்சுக்கங்க.

முதல்ல போன் போடணும்னு சொன்னது இதுக்குதான். டியூ தாண்டாத கார்டுக்குதான் இந்த ஆப்ஷன் சுலபமா கெடைக்கும், ஒரு மாசம் தவறிட்டா ஆப்ல அந்த பட்டனே காணாம போயிடும் பல பேங்க்ல. போன்ல எப்படி பேசணும்னா:

"மேடம், என் வேலை போயிடுச்சு. மொத்த அவுட்ஸ்டாண்டிங்கையும் இஎம்ஐயா மாத்தணும். என்ன ரேட், எத்தன மாசம் வரைக்கும் தருவீங்க, ப்ராசஸிங் ஃபீ, ஜிஎஸ்டி எல்லாம் சேத்து மாசம் என் கையில இருந்து எவ்வளவு போகும்?"

"சார், நீங்க மினிமம் டியூ மட்டும் பே பண்ணிட்டா போதும் சார், சிபில் அஃபெக்ட் ஆகாது."

"அது தெரியும் மேடம், எனக்கு இஎம்ஐதான் வேணும். உங்களால முடியலைன்னா சீனியர்கிட்ட கனெக்ட் பண்ணுங்க, இந்த கம்ப்ளைன்ட் நம்பரையும் குடுத்துருங்க."

இவ்வளவுதான். கெஞ்ச வேண்டாம், சண்டையும் வேண்டாம். போன வச்ச கையோட அதையே மெயில்ல போடுங்க, ரிலீவிங் லெட்டர அட்டாச் பண்ணி, கட்டற எண்ணம் இருக்கு, இப்போதைக்கு மாசம் இவ்வளவுதான் முடியும், வட்டிய கொறச்சு இஎம்ஐ போட்டு தாங்க இல்ல சில மாசம் அவகாசம் குடுங்கன்னு. குடுக்கணும்னு பேங்க்குக்கு கட்டாயம் இல்ல, மறுத்தாலும் மறுப்பாங்க. ஆனாலும் அந்த மெயில் பின்னாடி ஏஜென்ட்கிட்ட பேசும்போதும் செட்டில்மென்ட்டுக்கு உக்காரும்போதும் உங்களுக்கு உதவும்.

மூணு நாலு கார்டு இருந்தா? பொதுவா வட்டி அதிகமா இருக்கறத முதல்ல அடைங்கன்னு சொல்லுவாங்க, சம்பளம் வர்றப்ப அது சரி. வேலை இல்லாதப்ப நான் சின்ன பாக்கிய முதல்ல முடிக்க சொல்லுவேன், ஏன்னா லேட் ஃபீ ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனியா விழும், போன் பண்றவங்களும் தனித்தனியா. ஒரு கார்ட முடிச்சா ஒரு தலைவலி போச்சு.

கட்ட முடியாம போனா என்ன நடக்கும்

டியூ டேட் தாண்டி மூணு நாள் வரைக்கும் லேட் ஃபீயும் போடக்கூடாது, சிபிலுக்கும் சொல்லக்கூடாது, ஆர்பிஐ 2022ல போட்ட ரூல் அது. லேட் ஃபீயும் கட்டாத பாக்கிக்கு மட்டும்தான். அதுக்கப்புறம் போன் வரும், மாசத்துக்கு மாசம் குரல் மாறும். 90 நாள் தாண்டினா என்பிஏ, அப்ப ஏஜென்சிக்கு போகும், லீகல் நோட்டீஸ் வரும்.

ஏஜென்ட் காலைல 8 மணிக்கு முன்னாடியும் ராத்திரி 7 மணிக்கு மேலயும் போன் பண்ணக்கூடாது. வீட்டுக்கு வந்தா ஐடி கார்டும் பேங்க் குடுத்த லெட்டரும் காட்டணும். உங்க மாமனாருக்கு, பழைய மேனேஜருக்கு, பக்கத்து வீட்டுக்கு போன் போட்டு மானத்த வாங்கறது எல்லாம் ஆர்பிஐ ரூலுக்கு நேர் எதிர். அப்படி நடந்தா நேரம், நம்பர், பேசினது எல்லாத்தையும் குறிச்சு வைங்க, ரெக்கார்ட் பண்ணி வைங்க, முதல்ல பேங்க்கோட கிரீவன்ஸ் செல்லுக்கு மெயில், 30 நாள்ல சரியான பதில் இல்லைன்னா ஆர்பிஐயோட குறைதீர்ப்பு அதிகாரி, அதாவது ஓம்பட்ஸ்மேன், அவருக்கு சிஎம்எஸ்ங்கற புகார் போர்ட்டல்ல போடலாம், காசு கெடையாது, சந்தேகம்னா 14448க்கு போன் பண்ணலாம். மிரட்டல், கெட்ட வார்த்தைன்னா போலீஸ் ஸ்டேஷன்தான்.

வாட்ஸ்அப்ல "எஃப்ஐஆர் போட்டாச்சு, வாரன்ட் ரெடி"ன்னு சிங்கம் படம் போட்ட லெட்டர் வரும். வேலை போய் கார்டு கட்ட முடியாம போறது சிவில் விவகாரம், அதுக்கு ஜெயில் கெடையாது. ஜெயில் வரைக்கும் போற விஷயம் வேற ஒண்ணு இருக்கு: செக் பவுன்ஸ். ஏஜென்ட் வந்து சும்மா செக்யூரிட்டிக்கு ஒரு செக் குடுங்க சார்னு கேப்பாரு, குடுத்துடாதீங்க, அது பவுன்ஸ் ஆனா செக் சட்டம் 138ம் பிரிவுல கேஸ். அக்கவுன்ட்ல காசு இல்லாம ஆட்டோ டெபிட் மேன்டேட் திரும்பினாலும் அதே மாதிரி சட்டம் இருக்கு. லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) நோட்டீஸ் வந்தா பயப்படாம போங்க, அங்க நல்லா குறைச்சு பேச முடியும், ஆனா ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டா அப்பீல் கெடையாது, அதனால கட்ட முடியற தொகைக்கு மட்டும் தலையாட்டுங்க. வக்கீல் உதவி வேணும்னா 15100, சட்ட உதவி மையம், பெண்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவசம்.

கை வைக்கக்கூடாத எடங்க

லோன் ஆப். ஏழு நாள் லோன், பதினாலு நாள் லோன்னு வர்ற எதையும் தொடாதீங்க, கான்டாக்ட்ஸ் பர்மிஷன் குடுத்துட்டா அப்புறம் உங்க சொந்தக்காரங்க எல்லாருக்கும் போட்டோவ மார்ஃப் பண்ணி அனுப்புவானுங்க. ஏற்கனவே மாட்டியிருந்தா சைபர் கிரைம் நம்பர் 1930க்கு போன் பண்ணுங்க. மீட்டர் வட்டி, கந்துவட்டியும் அப்படித்தான். 2003லயே தமிழ்நாட்டுல அதுக்கு தனி சட்டம் இருக்கு, ஆனா சட்டம் வந்து காப்பாத்தறதுக்குள்ள வீட்டு வாசல்ல ஆள் வந்து நிப்பான்.

கார்ட தேய்ச்சு கேஷ் தர்ற கடைங்க, ஒரு கார்டுல எடுத்து இன்னொரு கார்ட கட்டறது, இதெல்லாம் ஒவ்வொரு சுத்துக்கும் ரெண்டு மூணு சதவீதம் கமிஷன். ஏடிஎம்ல கார்டு போட்டு காசு எடுத்தா முதல் நாள்ல இருந்து வட்டி, அது போக தனி ஃபீ.

நகை விஷயத்துல என்னைய திட்டுவீங்க. கணக்குப்படி பாத்தா பேங்க்லயோ கூட்டுறவு சங்கத்துலயோ நகைய வச்சு 40 சதவீத வட்டி ஓடற கார்டு கடன அடைக்கறது லாபம்தான். ஆனா சம்பளம் இல்லாதப்ப அந்த நகைய எப்ப மீட்பீங்க? கார்டு கடன்ல அவங்களால எடுக்க அடமான பொருள் ஒண்ணும் இல்ல, நகைக்கடனா மாத்தின அன்னைக்கு எடுக்க ஒரு பொருள் கெடைச்சிடுது. ஆஃபர் லெட்டர் கையில வந்தப்புறம் வைங்க, அதுவும் வீட்டுக்காரம்மாகிட்ட மொத்த கடனையும் மறைக்காம சொல்லிட்டு. அது வரைக்கும் பீரோவுலயே இருக்கட்டும்.

இன்ஸ்டாகிராம்ல "உங்க கடன பாதியா கொறைக்கறோம்"னு மாசாமாசம் ஃபீ வாங்கற கம்பெனிங்க இப்ப ஜாஸ்தியாயிடுச்சு. அவங்க பண்ற வேலைய நீங்களே ஒரு மெயில்ல பண்ணலாம், அந்த ஃபீய சேத்து வச்சா செட்டில்மென்ட்டுக்கு ஆகும்.

இத படிக்கறப்ப ராத்திரி தூக்கம் வராம, வேற மாதிரி யோசனை எல்லாம் வருதுன்னா கடன அப்புறம் பாக்கலாம், முதல்ல 14416 டெலி மானஸ், தமிழ்ல பேசலாம், 24 மணி நேரமும் எடுப்பாங்க. வீட்லயும் ஒருத்தர்கிட்டயாவது சொல்லிடுங்க.

செட்டில்மென்ட்

என்பிஏ ஆனப்புறம் மொத்தமா இவ்வளவு கட்டுங்க, மிச்சத்த விட்டுடறோம்னு பேங்க்கே வரும். முதல் ஆஃபர ஒத்துக்காதீங்க, குவார்ட்டர் முடியற மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர்ல பேசிப் பாருங்க, கொறையும். ஆனா சிபில் ரிப்போர்ட்ல க்ளோஸ்டுன்னு வராது, செட்டில்டுன்னு வரும், அது பல வருஷம் நிக்கும், அந்த காலத்துல வீட்டுக்கடன் கேட்டா முகம் சுளிப்பாங்க. முழுசா கட்ட ஒரு வருஷத்துல வாய்ப்பு இருக்குன்னா செட்டில்மென்ட் வேண்டாம்னுதான் சொல்லுவேன், வட்டியையும் லேட் ஃபீயையும் மட்டும் தள்ளுபடி பண்ணி அசல முழுசா வாங்கிட்டு க்ளோஸ்டுன்னு போடுங்கன்னு கேளுங்க, சில பேங்க் ஒத்துக்கும்.

ஒத்துக்கிட்டா பேங்க்கோட அஃபிஷியல் மெயில்ல லெட்டர் வரணும், கார்டோட கடைசி நாலு நம்பர், தொகை, கட்ட வேண்டிய தேதி, இதோட கணக்கு முடிஞ்சுதுன்னு தெளிவா இருக்கணும். அது வராம ஒரு ரூபா கட்டாதீங்க. கட்டறதும் நேரா கார்டு நம்பருக்கு, ஏஜென்ட்டோட ஜிபேக்கு இல்ல. கட்டினப்புறம் நோ டியூஸ் லெட்டர் வாங்கி பத்திரமா வைங்க. ஒரு மாசம் கழிச்சு ரிப்போர்ட் பாருங்க, சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க்னு கடன் விவரம் வச்சிருக்கற நாலு கம்பெனிலயும் வருஷத்துக்கு ஒரு தடவ முழு ரிப்போர்ட் ஃப்ரீ. தப்பா இருந்தா கம்ப்ளைன்ட் பண்ணுங்க, 30 நாள்ல சரி பண்ணலைன்னா அதுக்கப்புறம் நாளுக்கு 100 ரூபா அவங்க உங்களுக்கு தரணும்.

வேலை கெடைச்சதும் முதல் சம்பளத்துலயே எல்லாத்தையும் அடைச்சிடணும்னு கெளம்பாதீங்க, ரெண்டு மாச வீட்டு செலவ தனியா எடுத்து வச்சுட்டு அப்புறம் இஎம்ஐய ப்ரீகுளோஸ் பண்ணுங்க. பாக்கி முடிஞ்ச கார்டுல வேண்டாதத க்ளோஸ் பண்ண ரெக்வெஸ்ட் குடுங்க, 7 வேலை நாள்ல முடிக்கணும், முடிக்கலைன்னா நாளுக்கு 500 ரூபா உங்களுக்கு. கஸ்டமர் கேர்ல லைஃப்டைம் ஃப்ரீ, லிமிட் ஏத்தி தர்றோம்னு பேசுவாங்க, க்ளோஷர் ரெக்வெஸ்ட் நம்பர் மட்டும் வாங்கிட்டு போன வச்சிடுங்க.